சைக்கிள்காரனுக்கு ஜாமீன் நின்ற சிலுவைதாசன்

முட்டம் சிலுவைதாசனுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது திங்கள்நகர் முதல் அருமனை வரை அவரிடம் மீன் வாங்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். மீனைப் பத்துத் தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பவர்களிடம் கோபம். ஹாரன் அடித்தும் வெளியே வராமல், வண்டி அடுத்த வளைவு தாண்டிய பிறகு கையைத் தட்டிக் கூப்பிடுபவர்களிடம் கோபம். பிரசங்கத்தை முடிக்கத் தெரியாத சாமியார்களிடம் கோபம். ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. வந்த கோபத்தை அன்றன்றே கத்தித் தீர்த்துவிடுவதால்தான் என்று அவர் மனைவி குளோரி சொல்வாள்.

அந்த ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை வந்த கோபம் அப்படித் தீருகிற வகை இல்லை. அருமனைச் சந்திப்பில் முருகதாஸின் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல ஒரு சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முருகதாஸ் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

“சிலுவண்ணே, ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது.”

“நீ நிக்கப்பட்ட நிப்பப் பாத்தாலே கோவம் வருது. சொல்லு மக்கா.”

“ஒங்க லூக்காசு பந்தயத்துக்கு ஊக்க மருந்தடிச்சிருக்கான்னு நியூஸ்ல போட்டிருக்கு.”

சிலுவைதாசன் கத்தவில்லை. டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தார். அவர் கத்தாமல் இருந்ததைப் பார்த்துத்தான் கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

லூக்காசு என்று இவர்கள் சொல்லும் லூக்கா வெர்தானி இத்தாலிக்காரன். ஐரோப்பாவில் ஜூலை மாதம் மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் மலையேறுவதில் பேர் வாங்கியவன். நாலு வருடத்துக்கு முன்னால், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் பெனின் விடுமுறைக்கு வந்தபோது, டிவியில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கால்பந்து பார்க்க வைத்தது அது. ஒரு சாயங்காலம் தவறிப்போய் சைக்கிள் பந்தயம் ஓடியது. சிலுவைதாசன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. டிவிஎஸ் வண்டி வாங்குவதற்கு முன் பதினான்கு வருடம் அவர் மீன் கொண்டு போனது சைக்கிளில். கேரியரில் கட்டிய பெட்டியில் ஐஸும் மீனுமாக ஓர் ஆள் கனம். கடற்கரையிலிருந்து அழகியமண்டபம் வரை எப்படியோ மிதித்துவிடலாம். அதற்குப் பிறகு ரப்பர் தோட்டங்களுக்குள் ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறங்கி உருட்டினால் நேரம் போகும், நேரம் போனால் மீன் போகும். அதனால் சீட்டை விட்டு எழுந்து நின்று, ஹாண்டில்பாரை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதிப்பார். நெஞ்சு வாய்க்குள் வந்துவிடும். டிவியில் அன்றைக்கு அந்த இத்தாலிக்காரன் அப்படியே எழுந்து நின்று, அப்படியே ஆட்டி, வாயைத் திறந்துகொண்டு ஏறினான். அவனுடைய அப்பன் மலைக் கிராமங்களில் சைக்கிளில் பால் கொண்டுபோய் விற்றவன் என்று வர்ணனையாளர் சொன்னதாக பெனின் பிறகு போனில் சொன்னான். அவ்வளவுதான். சிலுவைதாசனுக்கு அன்றிலிருந்து அவன் ஏறக்குறைய சொந்தக்காரன்.

தான் பார்த்தது போதாதென்று முருகதாஸையும் பிடித்தார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த டீக்கடை டிவியில் ஜூலை மாதம் சைக்கிள் ஓட ஆரம்பித்தது. ரப்பர் பால் எடுக்கிறவர்கள், ஜீப் டிரைவர்கள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் மகேஷ்குமார் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. யார் யாரை முந்தினார்கள் என்று மறுநாள் காலை மீன் வாங்கும்போது பேச்சு நடந்தது. இரண்டாவது வருடம் சிலுவைதாசன் ஒரு படி மேலே போனார். மலைப் பந்தயத்துக்கு முந்தின நாள் பங்கு அலுவலகத்துக்குப் போய், பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தார்.

கடற்கரையில் யார் எதற்கு வேண்டுமானாலும் பூசைக் கருத்துக் கொடுப்பார்கள். கடலுக்குப் போன வள்ளத்துக்கு, சவூதிக்குப் போன மகனுக்கு, பிளஸ் டூ எழுதும் மகளுக்கு. உபதேசியார் அதைப் பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார். அன்று காலை அவர், “ஐரோப்பா நாட்டில் சைக்கிளில் மலையேறும் லூக்காவின் உடல் நலத்துக்காகவும் வெற்றிக்காகவும், கருத்துக் கொடுத்தவர் சிலுவைதாசன் குடும்பத்தார்” என்று வாசித்தபோது, பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிரிப்பு ஓடியது. குளோரி தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் லூக்காசு ஜெயித்துவிட்டான். பிறகு யார் சிரிப்பார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரே வந்து, “ஒமக்க ஆளு அடுத்து எப்பம் ஓய் மல ஏறுகான்?” என்று கேட்டார்.

எவனோ ஒருவன் ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் மருந்தடித்தால் முட்டத்து மீன்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் வீட்டு வாசலில் வந்து யாரும் “நீ விஷம் விற்கிறாய்” என்று சொன்னதில்லை. சிலுவைதாசனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால், வெளியூரிலிருந்து லாரியில் வரும் மீனில் பிணம் கெடாமல் வைக்கிற மருந்தை ஊற்றுகிறார்கள் என்று செய்தி பரவியது. சில இடங்களில் பிடிபட்டதும் உண்மை. செல்போனில் வீடியோக்கள் பறந்தன. அருமனைப் பக்கம் ஒரு வாரத்துக்குள் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அன்று விடியற்காலை வள்ளத்தில் வந்து, ஏலத்தில் எடுத்து, பத்து மணிக்குள் வாசலுக்கு வரும் மீனையும் லாரி மீனையும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தினார்கள். தினமும் முக்கால் பெட்டி மீன் திரும்பி வந்தது. குளோரி அதைக் கீறி உப்பிட்டு, வெயில் இல்லாத ஆனி மாதத்தில் உலர்த்தப் பார்த்துப் புழுப்பிடித்து, குழி தோண்டிப் புதைத்தாள்.

சிலுவைதாசன் விடவில்லை. தானே நாகர்கோவிலுக்குப் போய், உணவுப் பாதுகாப்பு அதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடி அருமனைச் சந்தைக்கு வரவழைத்தார். கூட்டத்தின் நடுவில் அவர் பெட்டியிலிருந்து மீனை எடுத்து, காகிதத்தை ஒட்டி, சொட்டு விட்டுப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. அன்றிலிருந்து சிலுவைதாசனுக்கு ஒரே பேச்சுதான். யாராவது மீனை மோந்து பார்த்தால், “எந்த டெஸ்டு வேணும்னாலும் எடுத்துக்க. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுலயும் எனக்க மீன் தோத்தது இல்ல.” அந்தப் பேச்சை வைத்துத்தான் நின்றுபோன அறுபது வீட்டையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார். மேட்டு வீட்டுப் பகவதியம்மாள்தான் முதலில் சட்டியோடு வெளியே வந்தவர். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “சிலுவ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு மற்ற வீடுகளும் வந்தன.

இப்போது புரிந்திருக்கும். லூக்காவின் டீம் டாக்டர் வீட்டில் போலீஸ் நுழைந்து, பந்தயக்காரர்களுக்குக் கள்ளத்தனமாக ஏற்றக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த இரத்தப் பைகளைக் கண்டுபிடித்து, அதில் லூக்காவின் பையும் இருப்பதாகச் செய்தி வந்தது. அன்றே லூக்கா நிருபர்களிடம் சொன்ன பதிலை முருகதாஸ் செல்போனைப் பார்த்துத் தமிழில் சொன்னான். “நூறு தடவைக்கு மேல என்னை டெஸ்ட் எடுத்திருக்காங்க. ஒரு தடவைகூட நான் தோத்தது இல்லைன்னு சொல்றான்.”

சிலுவைதாசன் எழுந்து நின்றார்.

“கேட்டியா மக்கா? கேட்டியா? இது எனக்க வார்த்த. நான் இதே சந்தையில நின்னு சொன்ன வார்த்த.”

மகேஷ்குமார் பெஞ்சின் அந்த முனையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. “அண்ணே, இந்த விளையாட்டுல இது புதுசு ஒண்ணும் இல்ல. மாட்டுனவன் எல்லாவனும் முதல்ல இதத்தான் சொல்லுவான்” என்றான்.

“நீ கண்டியாலே?”

“நான் எங்க காண? நடந்ததச் சொல்லுதேன்.”

“காணாம சொல்லப்பிடாது. காணாமச் சொல்லித்தான்லே எனக்க மீனக் குழியில போட வச்சீங்க. எவனோ எங்கயோ செய்ததுக்கு எனக்க பொண்டாட்டி மண்வெட்டி எடுத்தா. அவன் மலையில மிதிச்சத நான் கண்டேன். மருந்தடிச்சவனுக்கு அப்படி நாக்கு வெளிய தள்ளாது.”

“நாக்கு தள்ளுறதெல்லாம் சாட்சியாண்ணே?” என்று ஒருவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் சிலுவைதாசனுக்கு எல்லாம் கெட்டது. சாலையில் நின்ற வண்டியையும் அதன் பின்னால் கட்டியிருந்த பெட்டியையும் கைநீட்டிக் காட்டினார்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. லூக்காசு மருந்தடிச்சவன்னா, எனக்க பெட்டியில இருக்கப்பட்ட மீனும் மருந்து மீனு. அவன் சுத்தம்னா இதுவும் சுத்தம். இதுக்கு மேல எனக்குப் பேச்சில்ல.”

மகேஷ்குமாரே பயந்துவிட்டான். “அண்ணே, அவனுக்கும் உங்க மீனுக்கும் என்ன சம்பந்தம்? அத விடுங்க” என்றான். சிலுவைதாசன் விடவில்லை. சாயாவையும் குடிக்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது குளோரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

“பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தாலும் பொறுத்துக்கிடுவேன். மீன் மேல வச்சிட்டு வந்திருக்கீரு. அந்த வெள்ளக்காரனுக்கு ஒம்ம பேராவது தெரியுமா?”

“பேரு தெரிஞ்சுதான் நியாயம் பேசணுமா ஏட்டி?”

“நியாயம் பேசும். விக்கப்பட்ட சாமான வச்சுப் பேசாதையும்.”

அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தோன்றியதால் இன்னும் கோபம் வந்தது. அதுவும் நேரம் கெட்ட நேரம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன வள்ளங்கள் கொண்டுவரும் கொஞ்ச மீனை வைத்துத்தான் ஓட்டவேண்டும். தடைக்காலத்தில் வரும் மீன் எல்லாம் லாரி மீன் என்று உள்நாட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. ஏலத்தில் போட்டி போட்டு, வள்ளத்து மீனாகப் பார்த்து எடுத்து, அதை நிரூபிக்க வேண்டிய காலத்தில் போய் இந்த மனுசன் இத்தாலிக்காரனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பத்து நாள் தாக்குப் பிடித்தார். வீடு வீடாகப் பேச்சு போயிருந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே, “என்ன மீன்காரரே, ஒங்க சைக்கிள்காரன் என்ன சொல்லுகான்?” என்று கேட்டார்கள். “சுத்தம்னு சொல்லுகான். நீங்களும் பாக்கத்தான போறீங்க” என்று அவரும் நிமிர்ந்து பதில் சொன்னார். தினமும் பெனினுக்குப் போன் போட்டு, புதிதாக என்ன செய்தி என்று கேட்டார். ஒருநாள் லூக்காவின் வக்கீல், அந்தப் பை வேறு யாருடையதோ என்று சொன்னான். அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் கைநிறைய நெத்திலி கூடுதலாகப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனினே கூப்பிட்டான்.

“அப்பா, டிவி போட்டிருக்கீங்களா?”

“இல்ல. கரண்டு இல்ல.”

“நல்லது. போட வேண்டாம். அவன் ஒத்துக்கிட்டான்.”

“எவன் எத ஒத்துக்கிட்டான்?”

“லூக்கா. பேட்டி குடுத்தான். ஆறு வருசமா செய்திருக்கான். பந்தயத்துக்கு மாசக்கணக்குக்கு முன்னால அவனுக்க இரத்தத்தயே எடுத்து வச்சு, மலைக்கு முந்தின நாள் திரும்ப ஏத்துவாங்களாம். மருந்தும் உண்டாம். எத்தன மணிக்கூர்ல டெஸ்ட்ல தெரியாமப் போகும்னு டாக்டர் கணக்கு வச்சிருந்தானாம். டெஸ்ட்ல தப்பிக்கிறதத்தான் முதல்ல படிச்சோம்னு சொல்லுகான்.”

“ஆறு வருசமா?”

“ஆமா.”

“நாம பூச குடுத்த அன்னைக்கும்?”

“அப்பா, அவன் அழுதான்” என்றான் பெனின்.

அதைக் கேட்டதும்தான் சிலுவைதாசன் வெடித்தார். கெட்ட வார்த்தை பேசாதவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் அன்று பேசிய பேச்சை மகன் அதற்கு முன் கேட்டதில்லை. “அழுதானா? செத்த சவம், எதுக்கு அழுகான்? அவனுக்க பெட்டியில என்ன அழுகிச்சு? அவன் மீனு குழியில கிடக்கா? அழட்டும், நல்லா அழட்டும், அப்பன் பால் வித்த மலையில போய் அழட்டும்.” குளோரி போனைப் பிடுங்கி அணைத்தாள். அவர் வெளியே போய், மீன் அறுக்கும் கத்தியை எடுத்து, வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த லூக்காவின் படத்தைச் சுரண்டினார். பாதி வந்தது. மீதி, தொப்பியும் ஒரு காதும், ஒட்டிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் போகும்வரை சுரண்டினார்.

அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஏமாந்தவனுக்கு வரும் கோபம் எல்லாருக்கும் வரும். நாலு வருடம் கைதட்டினோமே, பூசை கொடுத்தோமே, டீக்கடையில் ஊரைக் கூட்டினோமே என்ற வெட்கமும் எல்லாருக்கும் வரும். அவற்றை இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிடலாம். சிலுவைதாசனை அறுத்தது வேறு. லூக்கா எடுத்துக்கொண்டு போனது அவருடைய வாக்கியத்தை. எந்த டெஸ்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஒன்றிலும் தோற்றதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையே கள்ளனும் சொன்னான், அதே நெஞ்சை நிமிர்த்தி. இனி நல்லவன் எதைச் சொல்ல?

சனிக்கிழமை போகவேண்டாம் என்று குளோரி சொன்னாள். “ரெண்டு நாள் கழியட்டும். மறந்துருவாங்க.”

“போகல்லைன்னா மருந்து மீன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். நான் போவேன்.”

விடியற்காலை வள்ளத்தில் வந்த அயிலையும் நெத்திலியும். கண் கண்ணாடிபோல இருந்தது. செவுளைத் திறந்தால் சிவப்பு. ஏலத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எடுத்தார். திங்கள்நகரில் கொஞ்சம் விற்றது. அங்கே யாரும் சைக்கிள் பந்தயம் பார்ப்பதில்லை. வேர்க்கிளம்பி தாண்டிய பிறகு ஹாரன் அடித்தால் பதில் இல்லை. ஒரு வீட்டில் சன்னல் திரை அசைந்தது. ஒரு வீட்டில், “இன்னைக்கு வேண்டாம், சனிக்கிழம விரதம்” என்றாள் ஒருத்தி. அவள் சனிக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிறவள்.

டீக்கடை முன்னால் நிறுத்தினார். நிறுத்தாமல் போயிருக்கலாம். போயிருந்தால் அவர் சிலுவைதாசன் இல்லை. முருகதாஸ் டிவியை அணைத்து வைத்திருந்தான். யாரும் பேச்சை எடுக்கவில்லை. மகேஷ்குமார்கூட பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அன்று சிரித்தவன்தான் ஆரம்பித்தான்.

“அண்ணே, இன்னைக்கு மீனுக்கு எத்தன மணிக்கூருக்கு முன்ன ஏத்துனீங்க?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முருகதாஸும். அவன் சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் சிரித்துவிட்டான்.

சிலுவைதாசன் போய்ப் பெட்டியைத் திறந்தார். ஓர் அயிலையை எடுத்து வந்து பெஞ்சின் மேல் பட்டென்று போட்டார்.

“எடுங்கலே டெஸ்டு. அந்த ஆபீசரக் கூப்பிடு. இப்பமே கூப்பிடு. காயிதத்த ஒட்டட்டும்.”

“ஒட்டி என்னண்ணே பிரயோசனம்?” என்றான் மகேஷ்குமார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னான். “லூக்காவும் டெஸ்ட்ல தேறுனவன்தான?”

கேலி என்றால் அடித்திருக்கலாம். வருத்தத்தை எப்படி அடிக்க? சிலுவைதாசன் மகேஷ்குமாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சில் கிடந்த மீனை எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டு, வண்டியை மேட்டு வீட்டுப் பக்கம் திருப்பினார். ஒருவனைக் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அந்த ஒருவன் இத்தாலியில் இருந்தான்.

பகவதியம்மாள் வாசலில் நின்றிருந்தார். கையில் சட்டி இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஹாரன் கேட்டு அவர் வெறுங்கையோடு வந்ததில்லை.

“வாரும் சிலுவ. என்ன மீனு?”

“அயில. நெத்திலி. ரெண்டும் வள்ளத்துது. காலத்த வந்தது.”

“மவ அஞ்சு வந்திருக்கா. ஏழு மாசம்.” மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. “அவளுக்கு அயிலக் கொழம்பு வேணும்னு ஒரே நிலையா நிக்கா. மருமவன் போன்ல, எங்கேருந்து வந்த மீன்னு தெரியாம வாங்காதீங்கன்னு சொல்லுகாரு.” பேச்சை நிறுத்திவிட்டு, தயங்கிச் சொன்னார். “நான் ஒம்ம சந்தேகப்படல்ல. ஆனாலும் வயித்துப் பிள்ளக்காரி. நீரு ஒரு வார்த்த சொல்லும். அது போதும்.”

சிலுவைதாசன் வாயைத் திறந்தார். எந்த டெஸ்டு வேணும்னாலும் என்று தொடங்குகிற பேச்சு தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் இந்த அம்மாளின் காதில் யாருடைய குரல் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் காதிலேயே அந்தக் குரல்தான் கேட்டது. மாதா மேல் ஆணையிடலாமா என்று நினைத்தார். ஆணையிட்ட லட்சணம்தான் பத்து நாளாக ஊர் சிரிக்கிறதே.

“நான் சொல்ல ஒண்ணும் இல்லக்கா” என்றார். “எனக்க வார்த்தையக் களவாண்டுட்டுப் போயிட்டான்.”

பகவதியம்மாளுக்குப் புரியவில்லை. சிலுவைதாசன் பெட்டியின் மூடியை முழுவதுமாகத் திறந்தார். மேலே கிடந்த ஐஸைக் கையால் ஒதுக்கித் தரையில் தள்ளினார். நல்ல அயிலை ஒன்றை எடுத்து மூடியின் மேல் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

“என்ன சிலுவ செய்யுதீரு?”

“மருந்து மீன்ல ஈ இருக்காதுன்னு சொல்லுவாங்கல்லா. நில்லுங்க. ஈ வரட்டும்.”

இரண்டு பேரும் நின்றார்கள். ரோட்டில் ஒரு ஜீப் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு போனது. முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு துணியை வைத்துக்கொண்டு ஈ விரட்டியவர் சிலுவைதாசன். ஓர் ஈ உட்கார்ந்தால் மீனுக்கு அவமானம் என்று நினைப்பார். இப்போது துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈ வருகிறதா என்று காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆத்திரத்தில் கண் எரிந்தது. வராமல் போய்விட்டால்? ஐஸ் குளிருக்கே வராமல் போகலாம். மழைக்காற்றுக்கு வராமல் போகலாம். வந்துவிடு சனியனே என்று மனதுக்குள் கெஞ்சினார்.

வந்தது. ஒன்று வந்து மீனைச் சுற்றிவிட்டு, கண்ணின் மேல் உட்கார்ந்தது. பின்னால் இன்னும் இரண்டு.

பகவதியம்மாளின் முகம் தெளிந்தது. “நான் அப்பமே சொன்னேன்லா” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தார். சிலுவைதாசன் மீனைப் போட்டார். எத்தனை என்று எண்ணவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு திரும்பியவரை நிறுத்தினார்.

“அக்கா, நாளைக்கும் ஈயப் பாத்துத்தான் வாங்குவீங்களா?”

பகவதியம்மாள் சட்டியில் கிடந்த மீனைப் பார்த்தார். வாசல் படியைப் பார்த்தார். “மழ வரப்போவுது, நீரு நனையாமப் போய்ச் சேரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிலுவைதாசன் வண்டியை அடுத்த வீட்டுக்கு உருட்டினார். ஹாரன் அடித்தார். பெட்டியைத் திறந்து, ஐஸைத் தள்ளி, ஒரு மீனை எடுத்து மூடியின் மேல் வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து யாராவது வருகிறார்களா என்று அவர் பார்க்கவில்லை. ஈக்காக நின்றார்.